பயமுறுத்தியவர்களின் பேச்சு

திகில் படம் எடுத்தவர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசிய புத்தகங்களில் எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்தது 1966-இல் பாரிசில் வெளிவந்தது. கேள்வி கேட்டவர் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ, பதில் சொன்னவர் ஆல்பிரட் ஹிட்ச்காக். நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில் என்பதால் இதைப் பிரெஞ்சிலேயே படிக்க வாய்த்தது. ஓய்வு பெற்ற பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். இளமையில் கண்ணில் படாத சில விஷயங்கள் இப்போது பட்டன. முப்பத்தைந்து ஆண்டுகள் வரைவு எழுதி மேலே அனுப்பிக்கொண்டிருந்த எழுத்தன் நான். கையொப்பம் எப்போதும் வேறொருவருடையது. அந்தக் கண்ணால் படித்தால் எந்தப் புத்தகமும் கொஞ்சம் மாறித்தான் தெரியும்.

இவர்களின் முதல் சந்திப்பே வேடிக்கையானது. 1955 குளிர்காலத்தில் ஹிட்ச்காக் ஒரு படத்தின் ஒலிச்சேர்ப்பு வேலைக்காகப் பாரிசுக்கு அருகே ழுவான்வீலில் உள்ள ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். பத்திரிகைக்காரர்களாக இருந்த த்ரூஃபோவும் கிளோத் ஷாப்ரோலும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பேட்டி எடுக்கப் போனார்கள். முற்றத்தில் உறைந்து கிடந்த குட்டையைத் தரை என்று நினைத்துக் கால் வைக்க, பனிக்கட்டி உடைந்து இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். பேட்டி தள்ளிப்போனது. விஸ்கியில் பனிக்கட்டி மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான் என்று ஹிட்ச்காக் பின்னால் சொன்னாராம். த்ரூஃபோவே முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

பெரிய பேட்டி நடந்தது 1962 ஆகஸ்டில், ஹாலிவுட்டின் யூனிவர்சல் ஸ்டுடியோவில். தொடங்கிய நாள் ஹிட்ச்காக்கின் 63-ஆவது பிறந்த நாள். த்ரூஃபோவுக்கு வயது 30, எடுத்து முடித்த முழுநீளப் படங்கள் மூன்று. அமெரிக்காவில் அப்போது ஹிட்ச்காக்குக்குப் பணம் இருந்தது, பெயர் இருந்தது. மரியாதைதான் குறைவு. கூட்டத்தைப் பயமுறுத்திக் காசு பார்க்கும் கெட்டிக்காரர் என்றே விமர்சகர்கள் பலர் நினைத்தார்கள். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. பிரெஞ்சு இளைஞர்கள்தான் அவரைக் கலைஞர் என்று அடித்துச் சொன்னார்கள்.

பேச்சில் மிகவும் பெயர் பெற்றது வெடிகுண்டு உதாரணம். இருவர் ஒரு மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள், அடியில் குண்டு இருக்கிறது. பார்ப்பவருக்கு அது தெரியாமல் வெடித்தால் பதினைந்து வினாடி அதிர்ச்சி. முன்பே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடத் தவிப்பு. ஹிட்ச்காக்கின் கட்சி இரண்டாவது. இதை அவர் வாயளவில் சொல்லவில்லை. 'வெர்டிகோ' (1958) படத்தின் மூல நாவலில் அந்தப் பெண் யார் என்ற ரகசியம் கடைசியில்தான் உடையும். ஹிட்ச்காக் அதைப் பிற்பாதியின் தொடக்கத்திலேயே பார்வையாளருக்குச் சொல்லிவிட்டார். கூட இருந்த எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். அவர் கேட்கவில்லை. நாயகனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அவன் கண்டுபிடிக்கும்போது என்ன செய்வான் என்று நாம்தான் நகத்தைக் கடிக்க வேண்டும்.

அந்த நாவலை எழுதியவர்கள் இருவர்: பியேர் பொவாலோ, தொமா நார்செழாக். பொவாலோ பாரிஸ்காரர். நார்செழாக் நாந்த் நகரில் பள்ளி ஆசிரியர், அவருடைய சொந்தப் பெயர் பியேர் எரோ. 1948-இல் துப்பறியும் கதைப் பரிசு ஒன்றுக்கான விருந்தில் சந்தித்தார்கள். அந்த ஆண்டு பரிசு வாங்கியவர் நார்செழாக். பத்தாண்டுகளுக்கு முன் அதே பரிசை வாங்கியவர் பொவாலோ. பிறகு கூட்டாக எழுதத் தொடங்கினார்கள். பொவாலோ கதை முடிச்சுகளைப் போடுவார், நார்செழாக் அதற்கு ஆட்களையும் சூழலையும் கொடுப்பார். இவர்களும் தங்கள் தொழிலைப் பற்றி நிறையவே எழுதினார்கள். துப்பறியும் நாவலைப் பற்றி 1964-இல் ஒரு நூல், 1986-இல் தங்கள் கூட்டு வாழ்க்கையைப் பற்றி இன்னொன்று. அவர்கள் கொள்கை எளிது. துப்பறிபவனின் கதை பழையதாகிவிட்டது, கொலைகாரனின் கதையும் வந்துவிட்டது. மீதி இருப்பது பலியாகிறவனின் கதை. என்ன நடக்கிறதென்று புரியாமல், தன் புத்தி மீதே சந்தேகம் வருகிறவன் அவன். என்னைக் கேட்டால், வெடிகுண்டு உதாரணத்தைவிட இது ஆழமான யோசனை.

1952-இல் வந்த அவர்களின் முதல் கூட்டு நாவலில் பயந்து நடுங்குகிறவன் கணவன். ஆன்ரி-ழார்ழ் க்ளூஸோ அதைப் படமாக்கியபோது மனைவியை நடுங்க வைத்தார். அந்த வேடத்தில் தம் மனைவி வேராவையே நடிக்கச் செய்தார். 1955-இல் வந்த 'லெ தியாபொலீக்' அதுதான். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று படத்தின் இறுதியில் எழுத்தில் கேட்டுக்கொண்டார்கள். நானும் சொல்லவில்லை. பிறகு ழார்ழ் ஃபிரான்ஜுவின் 'முகமில்லாத கண்கள்' (1960) படத்துக்கும் இவ்விருவர் திரைக்கதையில் பங்கெடுத்தார்கள். பிரெஞ்சுத் தணிக்கைக்காக ரத்தம் அதிகம் கூடாது, ஆங்கிலேயருக்காக விலங்குவதை கூடாது, ஜெர்மானியருக்காகப் பைத்தியக்கார விஞ்ஞானி கூடாது என்று தமக்கு நிபந்தனை இருந்ததாக ஃபிரான்ஜு சொல்வார். கதையோ மகளுக்குப் புது முகம் பொருத்துவதற்காகப் பெண்களைக் கடத்தும் மருத்துவனுடையது! கதையின் கனம் முகமூடி போட்ட அந்த மகள் மீது ஏறியதால் படம் பிழைத்தது. பலியாகிறவரின் கதை என்ற அதே சூத்திரம்தான்.

'லெ தியாபொலீக்' உரிமையைப் பெற ஹிட்ச்காக் முயன்றது தெரிந்து, அவருக்காகவே பொவாலோவும் நார்செழாக்கும் 'வெர்டிகோ'வின் மூலக் கதையை எழுதினார்கள் என்று பேட்டியில் த்ரூஃபோ சொல்கிறார். ஹிட்ச்காக்குக்கே அது புதுச் செய்தி. ஆனால் பின்னாளில் நார்செழாக் அதை மறுத்தார். நாவல் 1954-இல் வந்துவிட்டது, க்ளூஸோவின் படம் மறு ஆண்டு ஜனவரியில். எழுதியவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன். பேட்டியின்போது அவர் அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான்.

அறையில் இல்லாதவர்கள் இன்னும் உண்டு. 'சைக்கோ' நாவலை எழுதிய ராபர்ட் ப்ளாக் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தவர். 1957-இல் பக்கத்து ஊரில் எட் கீன் என்பவன் பிடிபட்ட செய்தியிலிருந்து அவருக்குக் கரு கிடைத்தது. வாங்குபவர் பெயரைச் சொல்லாமலேயே உரிமையை வாங்கினார்கள். விலை பத்தாயிரம் டாலருக்கும் குறைவு. படமோ கோடிகளில் சம்பாதித்தது. அந்த நாவலில் தம்மைக் கவர்ந்தது குளியலறைக் கொலையின் திடீர்த்தன்மை ஒன்றுதான் என்கிறார் ஹிட்ச்காக். நாவல் வாசகரை ஏமாற்றுகிறது என்று த்ரூஃபோ குறை சொல்கிறார். பாவம், ப்ளாக்! தாயும் மகனும் என்ற பொறியை அமைத்தவர் அவர்தானே.

குளியலறைக் காட்சிக்கு ஏழு நாள் படப்பிடிப்பு, எழுபது கேமரா நிலைகள், திரையில் 45 வினாடி. இந்தக் கணக்கை ஹிட்ச்காக் ரசித்துச் சொல்கிறார். எழுத்து வடிவமைப்பாளர் சால் பாஸைப் பற்றிக் கேட்டால், துப்பறிவாளர் மாடிப்படி ஏறும் ஒரு காட்சியை மட்டும் அவர் வரைந்தார், அதையும் நான் பயன்படுத்தவில்லை என்று முடித்துவிடுகிறார். பாஸோ பின்னாளில் குளியலறைக் காட்சியை வகுத்தவனும் இயக்கியவனும் நானே என்றார். அவர் வரைந்த படங்கள் இருக்கின்றன. நடித்த ஜேனட் லீ, இயக்கியது ஹிட்ச்காக்தான் என்று உறுதியாகச் சொன்னார். வரைவு ஒருவருடையது, உத்தரவு ஒருவருடையது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கோப்பு பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. இசைக் கணக்கு வேறு. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து எழுதிக் காட்டிய பிறகு மனம் மாறினார். இன்று அந்தக் கீச்சொலியை எடுத்துவிட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

அறையில் இருந்தும் புத்தகத்தில் குரல் கேட்காதவர் ஒருவர்: ஹெலன் ஸ்காட். த்ரூஃபோவுக்கு ஆங்கிலம் போதாது, ஹிட்ச்காக்குக்குப் பிரெஞ்சு போதாது. நாள் முழுக்க இருபுறமும் மொழிபெயர்த்தவர் அவர்தான். அட்டையில் உதவியவர் என்று பெயர் உண்டு. உள்ளே இரு ஆண்கள் நேருக்கு நேர் தடையின்றிப் பேசுவதுபோல் அச்சாகியிருக்கிறது. 2015-இல் கென்ட் ஜோன்ஸ் எடுத்த ஆவணப்படத்தில் அந்த ஒலிநாடாக்களைக் கேட்கலாம். அதில் அந்த அம்மாவின் குரலும் இருக்கிறது.

1979-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் ஹிட்ச்காக்குக்கு வாழ்நாள் விருது கொடுத்தது. த்ரூஃபோவும் பேசினார். ஏற்புரையில் ஹிட்ச்காக், தமக்கு மிகுந்த அன்பும் ஊக்கமும் தந்த நான்கு பேரை மட்டும் குறிப்பிட விரும்புவதாகச் சொன்னார். ஒருவர் படத்தொகுப்பாளர், ஒருவர் திரைக்கதை எழுதுபவர், ஒருவர் தம் மகளின் தாய், ஒருவர் வீட்டுச் சமையலில் அற்புதங்கள் செய்பவர். நால்வருக்கும் பெயர் ஒன்றே: ஆல்மா ரெவில், அவருடைய மனைவி. 'சைக்கோ' படத்தின் தொடக்க எழுத்துகளில் அந்தப் பெயர் இல்லை.