ஒரு பிளக்குக்குப் பின்னால் இருக்கும் வரலாறு



எங்கள் வீட்டுச் சுவர்களை ஒரு தடவை சுற்றிப் பார்ப்போம். முன் மண்டபத்தில் மூன்று வட்டத் துளைகளுடன் 5 அம்பியர் சொக்கட். குசினியில் அதைவிடப் பெரிய வட்டத் துளைகளுடன் 15 அம்பியர். புதிதாகக் கட்டிய அறையில் சதுரத் துளைகளுடன் 13 அம்பியர். இவை எல்லாவற்றுக்கும் சமாதானம் செய்து வைக்க, எதைச் செருகினாலும் உள்ளே போகும் ஒரு மல்டி பிளக். "ஏன் இத்தனை வகை?" என்று பிள்ளைகள் கேட்டால், "வெள்ளைக்காரன் விட்டுப்போனது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் எங்கள் வீடுகளின் பாதுகாப்பு இருக்கிறது.

இலங்கைக்கு மின்சாரம் வந்தது 1895இல், கொழும்புக் கோட்டைப் பகுதிக்கு. அந்தக் காலத்தில் மின்சாரம் என்றால் வெளிச்சம்தான். சுவரில் சொக்கட் வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பின்னர் அயன், ஹீட்டர் போன்றவை வந்தபோது, இங்கிலாந்தில் அவற்றையும் பல்ப் ஹோல்டரிலேயே மாட்டினார்கள். விளக்குக்கென்று இழுத்த மெல்லிய வயர் சூட்டுச் சாமான்களின் சுமையைத் தாங்கவில்லை. அத்துடன் அங்கே வெளிச்சத்துக்கு ஒரு கட்டணம், சூடாக்கும் சாமான்களுக்கு இன்னொரு கட்டணம் என்று இருந்தது. ஆகவே ஒரே வீட்டுக்குள் இரண்டு வயரிங் தனித்தனியாக ஓடியது.

1934இல் வெளியான பி.எஸ். 546 என்ற பிரித்தானியத் தரம் வட்ட முனைப் பிளக்குகளை 2, 5, 15, 30 அம்பியர் என்று நான்கு அளவுகளாக வகுத்தது. ஓர் அளவுப் பிளக் இன்னோர் அளவுச் சொக்கட்டுக்குள் போகாது. பெரிய சுமையைச் சிறிய வயரில் மாட்ட நினைத்தால் பிளக்கே மறுத்துவிடும். அந்த "போகாது" என்பதுதான் அன்றைய பாதுகாப்பு. எங்கள் நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் இந்த முறைதான்.

இரண்டாம் உலகப் போர் இதை மாற்றியது. போர் முடிந்ததும் இலட்சக்கணக்கான வீடுகளைக் கட்ட வேண்டும், செம்போ தட்டுப்பாடு. பழைய முறையில் ஒவ்வொரு 15 அம்பியர் சொக்கட்டுக்கும் பியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். இதற்கு வழி தேட 1942இல் ஒரு குழு அமைந்தது. அதிலிருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். வீட்டுப் பெண்களிடம் மின்சார அறிவைக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் உழைத்தவர்.

அந்தக் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்ததுதான் ரிங் சுற்று. பெட்டியிலிருந்து புறப்படும் வயர் சொக்கட்டுகளையெல்லாம் சுற்றிவந்து மீண்டும் பெட்டியிலேயே முடியும். மின்னோட்டம் இரண்டு பக்கத்தாலும் வருவதால், குறைந்த செம்பில் பல சொக்கட்டுகளை வைக்கலாம். 1947இல் பி.எஸ். 1363 என்ற பெயரில் சதுர முனைப் பிளக்கும் வந்தது. சுற்றைப் பெரிய பியூஸ் காக்கும். சாமானுக்குப் போகும் மெல்லிய வயரைப் பிளக்குக்குள் இருக்கும் சிறிய பியூஸ் காக்கும். சிறு பிள்ளைகள் எதையும் உள்ளே குத்தாதிருக்க, லைவ், நியூட்ரல் துளைகளுக்கு மூடி வைத்தார்கள். நீளமான ஏர்த் முனை முதலில் போனால்தான் அந்த மூடி திறக்கும்.

இன்று நாங்கள் என்ன செய்கிறோம்? இரண்டு முனை சார்ஜரைச் செருகுவதற்காகப் பேனையாலோ ஸ்குரூ டிரைவராலோ ஏர்த் துளையைக் குத்தி அந்த மூடியைத் திறக்கிறோம். அதுவும் பிள்ளைகளின் கண் முன்னாலேயே. அவர்களைக் காக்கவென்று வைத்த பூட்டை எப்படித் திறப்பது என்று நாங்களே பாடம் நடத்துகிறோம்.

பிற்காலத்தில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுர முனையையே நாட்டின் ஒரே தரமாக்க முன்வந்தது. ஆனால் சுவருக்குள் இருக்கும் பழைய வயர் சட்டத்தோடு மாறுவதில்லையே.

கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். வொட்டை 230ஆல் வகுத்தால் அம்பியர் வரும். 2000 வொட் கேத்தல் 8.7 அம்பியர் இழுக்கும். அதை அடாப்டர் போட்டு 5 அம்பியர் சொக்கட்டில் மாட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நோன்பு துறக்கும் நேரத்தில் கேத்தல் 2000, அவன் 1500, அவசரத்துக்கு அயன் 1000 என்று ஒரே மல்டி பிளக்கில் மாட்டினால் 19.6 அம்பியர். அது செருகியிருக்கும் சொக்கட்டோ 13 அம்பியருக்கு உரியது. 3500 வொட் குளியல் ஹீட்டர் தனியே 15 அம்பியரைத் தாண்டும். அதற்குத் தனிச் சுற்று வேண்டும்.

எங்கள் பகுதியில் இன்னொரு விடயமும் உண்டு. மகளுக்கென்று மேல்மாடி கட்டிக் கொடுக்கிறோம். டைல்ஸுக்கும் கதவுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறோம். கரண்ட் மட்டும் கீழ்வீட்டு விளக்குச் சுற்றிலிருந்து ஒரு வயர் மேலே போகும். 1/1.13 வயர் ஒரு சதுர மில்லிமீற்றர்தான். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போதும். சொக்கட் சுற்றுக்கு 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் வேண்டும். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிப் பெரிய பிரேக்கர் போடுவதும், பியூஸுக்கு இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துச் சுற்றுவதும் ஒன்றுதான். பிரேக்கர் காப்பது சாமானை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. அதை ஏமாற்றினால் அடுத்துச் சூடாகப்போவது அந்த வயர்தான்.

"எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது மின்கசிவைக் கண்டு ஆளைக் காப்பாற்றும். கூடிய சுமையைக் கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல.

ஆகவே இந்தக் கிழமை மூன்று விடயங்களைச் செய்வோம். சூடாகும் சொக்கட், கறுத்த பிளக் ஏதும் இருந்தால் பாவனையை நிறுத்துவோம். கேத்தல், அயன், அவன் போன்றவற்றை மல்டி பிளக்கிலிருந்து கழற்றுவோம். பழைய வீட்டின் வயரிங்கைத் தகுதியுள்ள மின் தொழிலாளி ஒருவரைக் கொண்டு பரிசோதிப்போம்; மேல்மாடி கட்டுவதென்றால், முதல் கல் வைக்கும் முன்னரே அவரை அழைப்போம்.

இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். சொக்கட் சுடுவதை முதலில் கவனிப்பது எப்போதும் குசினியில் நிற்பவர்கள்தான். அவர்கள் சொன்னால் தட்டிக்கழிக்காமல் கேட்போம்.