இரண்டு நோட்டங்களுக்கு நடுவே இறந்தவை: குறுவாழ்வு ப்ராசஸ்களின் சிபியூ கணக்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் என்ற நிலையில் இருக்கிறது வடகரப்பதி ஊராட்சி. இப்பகுதியிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் பள்ளியில் தொடும் கணினி பெரும்பாலும் லினக்ஸ் கணினிதான். 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, 2017இல் கைட் நிறுவனமாக மாறிய கேரள அரசின் திட்டம் அதற்குக் காரணம். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் தொகுத்துத் தரும் இயங்குதளமே ஆய்வகங்களில் ஓடுகிறது.

ஆய்வகக் கணினி ஒன்று மந்தமாகிறது என்று வைத்துக்கொள்வோம். டாப் கட்டளையைத் திறந்தால் மேல்வரி சிபியூ முக்கால்வாசிக்கு மேல் வேலையில் இருப்பதாகச் சொல்கிறது. கீழே உள்ள ப்ராசஸ் பட்டியலைக் கூட்டினால் அதில் பாதிகூடத் தேறவில்லை. மீதியைத் தின்றது யார்? இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, மெஷின் பழசாகிவிட்டது. மற்றொன்று, லினக்ஸின் கடிகாரத் துடிப்புக் கணக்கு குறுகிய ஆயுள் கொண்ட ப்ராசஸ்களைத் தவறவிடுகிறது. முதல் பதிலில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது பதில் பாடநூல்களின் பலத்தோடு வருகிறது. அது இன்று பெரிதும் பொருந்தாது என்பதும், கணக்கு தொலைவது இயங்குதளத்தின் கருவான கெர்னலில் அல்ல, நாம் எட்டிப்பார்க்கும் முறையில்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

துடிப்புக் கணக்கு எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். பிடிபி-11 கணினியில் யூனிக்ஸ் வளர்ந்தபோது, மின்வழங்கலின் அதிர்வெண்ணை ஒட்டி நொடிக்கு 60 முறை இடைமறிக்கும் கடிகாரம் இருந்தது. (நம் ஊர் மின்சாரத்தில் அது 50 ஆகியிருக்கும்.) ஒவ்வொரு துடிப்பிலும், அந்தக் கணத்தில் சிபியூவில் இருக்கும் ப்ராசஸின் பேரில் ஒரு முழுத் துடிப்பு எழுதப்படும். துடிப்புக்குப் பிறகு வந்து அடுத்த துடிப்புக்குள் போய்விட்ட ப்ராசஸுக்குப் பற்று எதுவும் இல்லை. துடிப்பு விழும் நேரத்தில் தற்செயலாக உள்ளே இருந்தவர் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சுமப்பார். தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வரும் நேரத்தில் வரிசையில் நிற்பவருக்குப் பேர் விழுவதைப் போன்றது இது. கொழுந்தை நிறுத்து எழுதுவது வேறு கணக்கு.

லினக்ஸின் துடிப்பு பழைய 2.4 வரிசையில் நொடிக்கு 100 ஆக இருந்தது. 2.6இல் 1000 ஆனது. 2005இல் வந்த 2.6.13 முதல் 250 இயல்பானது. உபுண்டு 22.04இன் பொதுக் கெர்னலிலும் 250தான், அதாவது 4 மில்லி நொடிக்கு ஒரு துடிப்பு.

ஒரு மில்லி நொடி மட்டுமே ஓடி மறையும் ப்ராசஸை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் துடிப்பு விழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. விழுந்தால் 4 மில்லி நொடி பற்று, விழாவிட்டால் பூஜ்யம். தனி ஒன்றின் கணக்கு எப்போதும் தப்பு. ஆனால் அப்படிப்பட்ட ஆயிரம் ப்ராசஸ்கள் துடிப்போடு தொடர்பின்றி ஓடினால், உண்மைச் செலவு ஒரு நொடி, எதிர்பார்க்கத்தக்க பற்றும் ஒரு நொடியே. திட்ட விலக்கம் சுமார் 55 மில்லி நொடி, அதாவது ஐந்தரை விழுக்காடு. இதைச் சிதறல் என்று சொல்லலாமே தவிர, சாய்வு என்று சொல்ல முடியாது. டாப்பின் மேல்வரி இப்படிச் சேர்த்த தொகையிலிருந்துதான் வருகிறது. எனவே இறந்துபோனவர்களின் செலவும் அதில் ஏறத்தாழச் சரியாகவே அடங்கியிருக்கிறது.

ஆக, ஆயுள் குறைவாக இருப்பது மட்டும் துடிப்புக் கணக்கைக் கெடுப்பதில்லை. துடிப்போடு ஒத்திசைந்து ஓடுவதுதான் கெடுக்கிறது. துடிப்பு முடிந்ததும் விழித்து, அடுத்தது வருவதற்குள் உறங்கிவிடும் நிரல் நாள் முழுவதும் ஓடினாலும் அதன் பற்று பூஜ்யமே. டான் சஃப்ரிர், யோவ் எட்சியோன், டிரோர் ஃபைட்டல்சன் மூவரும் 2007இல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் இதை ஒரு தாக்குதலாகவே செய்து காட்டினார்கள். நிர்வாகி உரிமை எதுவுமில்லாத சாதாரணப் பயனர், கணக்கில் சிக்காமல் சிபியூவில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. 2011இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஃபாங்ஃபே ஜோவும் உடன் ஆய்வாளர்களும், மெய்நிகர் கணினிகளைப் பகிர்ந்தளிக்கும் ஜென் மென்பொருளில், யாருக்கு எப்போது சிபியூ என்று முடிவு செய்யும் அட்டவணையாளரிடமும் இதே ஓட்டையைக் கண்டார்கள். அங்கே துடிப்பு 10 மில்லி நொடி. லினக்ஸ் கெர்னலோடு வரும் ஆவணத்திலேயே இத்தகைய சிறு நிரல் ஒன்று எடுத்துக்காட்டாக அச்சிடப்பட்டிருக்கிறது. தம் கணக்கின் குறையைத் தாமே எழுதிவைத்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

2007 அக்டோபரில் வந்த 2.6.23 கெர்னல் நிலைமையை மாற்றியது. அதன் புதிய அட்டவணையாளர், ஒவ்வொரு ப்ராசஸும் சிபியூவில் ஏறிய கணத்தையும் இறங்கிய கணத்தையும் குறித்து, ஓடிய நேரத்தை நானோ நொடியில் கூட்டிவைக்கிறது. பேர் போட்ட இடத்தில் தராசு வந்துவிட்டது. கணக்கில் துடிப்பு இன்னும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மேலே சொன்ன மொத்தக் கணக்கு ஒன்று. ஒரு ப்ராசஸின் நேரத்தில் பயனர் பகுதி எவ்வளவு, கெர்னல் பகுதி எவ்வளவு என்ற விகிதம் மற்றொன்று. துடிப்பே விழாத ப்ராசஸுக்கு விகிதம் ஏது? கெர்னல் அதன் முழு நேரத்தையும் பயனர் பகுதியில் போட்டுவிடுகிறது. கோப்புகளை நகர்த்திவிட்டு இரண்டு மில்லி நொடியில் முடியும் கட்டளை, உண்மையில் கெர்னலுக்குள்ளேயே காலம் கழித்திருந்தாலும் பயனர் நிரலாகவே காட்சியளிக்கலாம். இந்தப் பிரிப்பை வைத்து முடிவுக்கு வருகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூட்டுத்தொகையை மட்டும் நம்பலாம்.

கெர்னலுக்கு ஒவ்வொன்றின் செலவும் தெரியும் என்றால் பட்டியல் ஏன் குறைகிறது? டாப் இயல்பாக மூன்று நொடிக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கிறது. இரண்டு நோட்டங்களுக்கு நடுவே பிறந்து இறந்தது பட்டியலில் ஏறவே ஏறாது. 100 மில்லி நொடி இடைவிடாமல் ஓடும் ப்ராசஸ் கண்ணில் பட முப்பதில் ஒரு வாய்ப்பு. பட்டாலும் அதுவரை ஓடிய பகுதி மட்டுமே தெரியும். அது சராசரியாகப் பாதி. எனவே அறுபதில் ஒரு பங்கு செலவுதான் திரைக்கு வருகிறது. ஆயுள் 10 மில்லி நொடியாகக் குறைந்தால் இது அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். ஆனால் அதுவும் வராது. ப்ராசஸ் கோப்புகளில் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதப்படுவதால், 10 மில்லி நொடிக்குக் கீழுள்ளது பூஜ்யமாக வெட்டுப்படுகிறது. துடிப்புக் கணக்கின் பிழை இருபுறமும் சிதறும். இந்தப் பிழை எப்போதும் இழப்பின் பக்கமே சாயும். ஆயிரமாயிரம் சேர்ந்தாலும் நேராகாது.

பள்ளி ஆய்வகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஷெல் நிரலில் ஒரு சுழல் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் தனிக் கட்டளையை அழைத்தால், ஒவ்வொரு அழைப்பும் ஒரு புதிய ப்ராசஸ். ஒன்றிரண்டு மில்லி நொடி வாழும் ஆயிரக்கணக்கான ப்ராசஸ்கள் சேர்ந்து சிபியூவை நிரப்பும். பட்டியலிலோ உலாவி மட்டும் பளிச்சென்று நிற்கும். பழி உலாவிக்குப் போகும். பிறகு மெஷினுக்குப் போகும்.

செத்தவர்களின் கணக்கு எங்கே போகிறது? பிள்ளையின் முடிவைப் பெற்றோர் ப்ராசஸ் கேட்டு வாங்கும்போது, செலவு பெற்றோரின் தனிப் பத்தியில் சேர்கிறது. பெற்றோர் முந்திப் போய்விட்டால், அனாதையை ஏற்கும் முதல் எண் ப்ராசஸின் தலையில் பெரும்பாலும் விழுகிறது. பிள்ளைகளைப் பற்றிய செய்தியே வேண்டாம் என்று அறிவித்துவிட்ட பெற்றோரிடம் எதுவும் சேராது. 2.6.9க்கு முன் லினக்ஸ் அதையும் சேர்த்துக்கொண்டிருந்தது. போசிக்ஸ் தரத்துக்கு மாறு என்று பின்னர் நிறுத்தினார்கள். பிஎஸ்டி வழிவந்த பழைய ப்ராசஸ் கணக்கு, ஒவ்வொரு மரணத்தையும் தவறாமல் பதிகிறது. ஆனால் லினக்ஸில் அதற்கும் நூறில் ஒரு பங்கு நொடிதான் அலகு. பிறப்பு இறப்புப் பதிவேட்டில் பெயர் இருக்கும், செலவு பூஜ்யம் என்றிருக்கும். 2006இல் 2.6.18இல் சேர்ந்த டாஸ்க்ஸ்டாட்ஸ் இக்குறையைத் தீர்த்தது. ஐபிஎம்மின் ஷைலப் நாகரும் பல்பீர் சிங்கும் எழுதியது அது. ப்ராசஸ் முடியும்போதே நுண்ணளவுக் கணக்கைக் கேட்பவரிடம் ஒப்படைத்துவிடும். கேட்பதற்கு மட்டும் நிர்வாகி உரிமை வேண்டும்.

ஆய்வகத்துக்கு எளிய வழி வேறு. ப்ராசஸ்களைக் குழுவாகக் கட்டும் சிகுரூப் அமைப்பில், உறுப்பினர் இறந்தாலும் அவர் செலவு குழுவின் பேரிலேயே நிற்கும். உபுண்டு 22.04இல் முதல் எண் ப்ராசஸான சிஸ்டம்டி ஒவ்வொரு பயனருக்கும் ஒரு குழுவை ஏற்கெனவே கட்டிவைக்கிறது. யார் தின்றது என்று இது பெயர் சொல்லாது. எவ்வளவு தின்றது என்பதைத் தவறாமல் சொல்லும். மந்தமான வேளையில் பத்து நொடி இடைவெளியில் இருமுறை படித்துக் கழித்துப் பார்த்து, டாப் பட்டியலின் கூட்டலோடு ஒப்பிட்டால் போதும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குறுவாழ்வு ப்ராசஸ்களைத் தேட வேண்டும். இல்லையென்றால் பட்டியலை நம்பலாம், மெஷின் பழசு என்ற பேச்சையும் அப்போது எடுக்கலாம்.

கணினியை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதுவதற்கு முன் ஆசிரியர்கள் இதை ஒருமுறை செய்துபார்க்க வேண்டும். புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை. பயனர் குழுவின் அடைவில் சிபியூ ஸ்டாட் என்ற கோப்பின் முதல் வரியில், மைக்ரோ நொடியில் அந்த எண் இருக்கிறது. அதைப் படிக்க நிர்வாகியின் கடவுச்சொல்கூட வேண்டாம்.