மண்டையோட்டைத் திறவாமல்: மின்சாரமும் வாசிப்பும்

அலெசாந்த்ரோ வோல்டா 1800இல் அறிவித்த மின்னடுக்கு, அதாவது இருவகை உலோகத் தகடுகளை உப்புநீரில் நனைத்த அட்டை இடையிட்டு அடுக்கிய முதல் மின்கலம், தொடர்ச்சியான மின்னோட்டத்தைத் தந்ததால், அது உடனே மருத்துவர்களின் கைக்கும் சென்றது. பொலோஞா நகரத்து ஜொவானி அல்தீனி அம்மின்னோட்டத்தை முதலில் தம் தலையிலேயே செலுத்தி, வலிய அதிர்ச்சியையும் பல நாள் உறக்கமின்மையையும் தாங்கிய பின்னரே, கடும் மனச்சோர்வால் மருத்துவமனையில் இருந்த லூயிஜி லன்சரினி என்ற உழவரின் மழித்து ஈரமாக்கிய தலையில் செலுத்தினார். அவர் நாடியது மனத்தெளிவை. வாசிப்புக்கு மூளையில் எது துணைநிற்கிறது என்பதை அன்று எவரும் அறியார்.

அந்த அறிவு ஓர் இழப்பின் வழியாக வந்தது. பாரிஸில் ஜூல் தெஜெரின் ஆராய்ந்த முதியவர் ஒருவர், 1887இல் திடீரென வாசிக்கும் ஆற்றலை இழந்தார். எழுத வல்லவராக இருந்தும், தாமே எழுதிய வரியை அவரால் படிக்க இயலவில்லை. எழுத்தின் வடிவை விரலால் வரைந்து பார்த்தே அதை இனங்கண்டார். அவர் இறந்த பின் 1892இல் தெஜெரின் வெளியிட்ட ஆய்வு, மூளையின் இடப்புறப் பின்பகுதியில் ஏற்பட்ட சேதத்தைக் காட்டி, பார்வைக்கும் மொழிக்கும் இடையிலான இணைப்பு அறுபட்டதே காரணம் என்று விளக்கியது.

இவ்விரு மரபுகளும் சந்திக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் 1985இல் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினார். கோட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலுஸும் 2000இல், உச்சந்தலையில் செலுத்தும் மெல்லிய நேர்மின்னோட்டம் நரம்பணுக்களின் கிளர்ச்சித் திறனை மாற்றுவதையும், மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் அம்மாற்றம் சில நிமிடங்கள் நீடிப்பதையும் நிறுவினர். இதன் அடிப்படையில், 2012இல் வெளியான பீட்டர் டர்கல்டாபின் ஆய்வில், பெரியவர்களின் இடப் பொட்டுப் பகுதியின் பின்புறம் 1.5 மில்லியாம்பியர் மின்னோட்டம் 20 நிமிடம் செலுத்தப்பட்டபோது, சராசரிக்குக் கீழ் வாசித்தவர்களின் சொல் வாசிப்புத் திறன் மேம்பட்டது.

இவற்றுள் மிகுந்த கவனத்துக்குரியது ஜெனீவா ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வே. எழுத்துகளை ஒலிகளோடு இணைப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களுக்கு, இடப்புறக் கேள்விப் புறணியில் நொடிக்கு 30 சுழற்சிகள் கொண்ட மாறுமின்னோட்டத்தை 20 நிமிடம் செலுத்தியபோது, பேச்சொலிகளைப் பிரித்தறிவதும் பிழையின்றி வாசிப்பதும் மேம்பட்டன. 60 சுழற்சியில் அப்பயன் கிட்டவில்லை. நன்கு வாசிப்போரிடமோ 30 சுழற்சி சிறிது இடையூறாகவே அமைந்தது. பங்கேற்றோர் சிலரே ஆயினும், மின்னோட்டம் வாசிப்பைப் பொதுவாகக் கூட்டும் ஊக்கமருந்து அன்று, கேள்விப் புறணியில் குறைந்துள்ள 30 சுழற்சித் தாளத்தை நிரப்பும் துணையே என்ற கருத்துக்கு இவ்வேறுபாடு வலுவான சான்றாகிறது.