மேற்கோள் எண்களும் போர்க்கால ஆய்வுகளும்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசிப்பு

ஓர் ஆய்வாளரின் பெயரைக் கூகுள் ஸ்கொலரில் தேடினால், அவர் எழுதிய கட்டுரைகளும் அவற்றைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கும் வரும். பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் இந்த எண்களைப் பார்ப்பது இன்று வழமையாகிவிட்டது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆய்வு செய்தவர்களை இந்த எண்களால் மட்டும் அளந்தால் தவறிவிடுவோம் என்று நான் கருதுகிறேன். ஏன் என்பதை ஒருவருடைய பதிவைக் கொண்டே சொல்கிறேன்.

பேராசிரியர் வசந்தி அரசரட்ணத்தை யாழ். பல்கலைக்கழகத்தின் முதற் பெண் துணைவேந்தராகப் பலர் அறிவர். 2011 இல் அப்பதவிக்கு வந்தவர். ஆனால் அவர் மருத்துவ பீடத்தின் உயிர் இரசாயனவியலாளர். நொதியங்களும் நொதித்தலும் அவருடைய ஆய்வுத்துறை.

அவரும் பேராசிரியர் கே. பாலசுப்பிரமணியமும் எழுதிய கட்டுரையொன்று 1993 இல் வந்தது. சோள மாப்பொருளை வேகவைக்காமலே இரண்டு நொதியங்கள் சேர்ந்து குளுக்கோசாக மாற்றுவதைப் பற்றியது. ஒரு நொதியம் நீண்ட சங்கிலியை நடுவில் வெட்டும். மற்றையது நுனியிலிருந்து குளுக்கோசைப் பிரிக்கும்.

1997 இல் வந்த இன்னொரு கட்டுரை நெல் உமியையும் தவிட்டையும் பயன்படுத்துகிறது. உமியைத் தாங்கியாக வைத்து, தவிட்டை உணவாகக் கொடுத்து, அஸ்பெர்கிலசு நைகர் என்ற பங்கசை வளர்த்துக் குளுக்கோஅமைலேசு நொதியத்தைப் பெறும் முறை அது. ஈரமான திண்மத்தில் பங்கசு வளர்வதால், திரவத்தில் வளர்ப்பதைவிட நீர் குறைவாகவே தேவை. இடைவிடாது கலக்கும் பெரிய தாங்கியும் வேண்டியதில்லை. மூலப்பொருள் அரிசி ஆலையின் கழிவு.

2000 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் எழுதியது வேறு வகை. திரிப்சின் நொதியத்தை ஒரு பல்பகுதியத்துடன் இணைத்து, கரைசலில் வேலை முடிந்ததும் அமிலத்தன்மையை மாற்றி வீழ்படிவாக்கி, மீண்டும் பயன்படுத்துவது.

இப்போது ஆண்டுகளைப் பாருங்கள். 1990 இலிருந்து குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும்கூடத் தடை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியும் வெறுமையானது. மக்கள் பெருமளவில் திரும்பியது 1996 இல். நொதியத்துக்குக் குளிரூட்டி வேண்டும். பங்கசுக்கு மாறாத வெப்பநிலை வேண்டும். மேற்கோள் கணக்கில் இவற்றுக்கு நிரல் இல்லை.

எச் சுட்டெண்ணை 2005 இல் முன்வைத்தவர் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ். ஒருவருடைய 6 கட்டுரைகள் முறையே 40, 12, 6, 4, 3, 1 தடவைகள் மேற்கோள் பெற்றால் அவருடைய சுட்டெண் 4. அதாவது 4 கட்டுரைகள் குறைந்தது 4 தடவையாவது மேற்கோள் பெற்றுள்ளன. 40 என்ற எண்ணின் பெறுமதி இதில் தெரியாது. எழுத முடியாமற்போன ஆண்டுகளும் தெரியாது. நெல் உமி ஆய்வைப் புற்றுநோய் ஆய்வுடன் ஒப்பிடவும் இது உதவாது. துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறு.

நம்மவருக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது பெயர். தகப்பன் பெயரோ கணவன் பெயரோ குடும்பப் பெயராகிவிடுகிறது. முதலெழுத்தும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். ஒருவரின் மேற்கோள்கள் இரண்டு மூன்று பெயர்களில் சிதறிப்போகும். இரண்டாவது, உள்ளூர் வெளியீடுகள். 1991 இல் தொடங்கிய யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தின் அமர்வுகளில் வாசிக்கப்பட்டவை போன்ற ஆய்வுகளைச் சர்வதேசத் தரவுத்தளங்களில் தேடிப் பயனில்லை.

இது சலுகை கேட்பதல்ல. பலவீனமான கட்டுரை போர்க்காலத்தில் எழுதப்பட்டதால் பலமாகிவிடாது. ஆனால் மேற்கோள் எண்ணிக்கை காட்டுவது ஒரு கட்டுரை எவ்வளவு எடுத்தாளப்பட்டது என்பதை மட்டுமே. தரத்தை அறியக் கட்டுரையை வாசிக்கவேண்டும். 2015 இல் வெளியான லெய்டன் அறிக்கையும் எண்கள் நிபுணரின் மதிப்பீட்டுக்குத் துணைநிற்க வேண்டுமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கக்கூடாது என்கிறது. உள்ளூர்த் தேவை சார்ந்த ஆய்வுகளைப் பாதுகாக்கவும் கேட்கிறது.

இளம் ஆய்வாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதற் கட்டுரையிலேயே பெயரை ஒரே விதமாக எழுதுங்கள். 2012 இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஓர்கிட் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியர்களின் பழைய அமர்வு அறிக்கைகளும் கட்டுரைப் பிரதிகளும் வீட்டு அலுமாரியில் இருந்தால் நூலகத்தில் கொடுத்து எண்மியப்படுத்துங்கள். உங்கள் ஆய்வுக்குப் பொருந்துமானால் அவற்றை மேற்கோள் காட்டுங்கள். வாசிக்கக் கிடைக்காத ஆய்வை எவரும் மேற்கோள் காட்ட முடியாது.