அடங்கிய பேச்சு, ஆறாத குறை

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பக்கத் தேயிலைச் சரிவுகளில், 1929இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் காலம் முதலாக, தமிழர் உழைப்பு ஊறியிருக்கிறது. துரை எனப்பட்ட வெள்ளைக்கார மேலாளர் முன் தோட்டத் தமிழர் அடங்கிப் பேசியதை மனநிறைவு என்று கொள்வது பெரும்பிழை. 1941இல் கிள்ளான் ரப்பர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் எழுந்தது: துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். அத்தனை காலம் வாய்விட்டுச் சொல்லாத அவமானம் அது.

கிள்ளான் ரப்பர்க்காடு, பிரிஞ்சாங் தேயிலை மலை. இரண்டும் ஒன்றாகுமா எனலாம். பயிர்தான் வேறு, துரை, கிராணி (எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்) என்ற படிவரிசை ஒன்றாகவே இருந்தது. அன்று கூலி தந்தவரே தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுக்கும் உரிமையாளர். வேலை போனால் கூரையும் போய்விடும் நிலை. அந்த நிலையில் குறையைக் குறைத்துச் சொன்னது பிழைக்கும் வழி. ஆகவே, பதிவான புகார்களை மட்டும் எண்ணி இம்மக்களின் வரலாற்றை எழுதுவது நியாயமாகாது.