பவர் கூடிப்போச்சு

கண்ணைச் சோதித்துவிட்டு வருகிறவர் "பவர் கூடிப்போச்சு" என்று கவலையோடு சொல்வார். கூடியது பார்வையல்ல, லென்ஸின் திறன். ஒன்றை மீட்டர் கணக்கிலான குவியத்தூரத்தால் வகுத்தால் அந்த எண் வரும். குவியத்தூரம் அரை மீட்டர் என்றால் 2 டயாப்டர்.

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இந்தப் 'பவர்'. அடியில் கிடப்பது 'இயலும்' என்று பொருள்படும் லத்தீன் வினை. வலிமையும் ஆட்சியும் அதன்மேல் ஏறியவை.

அந்த முதல் பொருள் அதிகம் தேயாமல் இருப்பது, என் கணக்கில், சார்பதிவாளர் அலுவலகத்தில்தான். "அண்ணன் துபாய்ல இருக்காரு, தம்பி பேருக்குப் பவர் எழுதிக் குடுத்திருக்காரு" என்றால் தம்பிக்கு நிலம் வந்துவிடவில்லை. அண்ணனுக்காகக் கையெழுத்துப் போட இயலும், அவ்வளவே. அண்ணன் காலமானால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துபோகும். இதற்கான சட்டம் 1882ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கப் பவரையே கிரயம்போலக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் பரவியது. அப்படிச் செய்தால் சொத்துரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுதியிட்டுச் சொன்னது.

தமிழக ஆவணங்களில் இந்தப் பவர் 'பொது அதிகார ஆவணம்'. இலங்கையில் 'அற்றோணித் தத்துவம்'. அங்கே சட்டத் தமிழில் தத்துவம் என்றால் அதிகாரம். விவரம் தெரியாமல் இங்கிருந்து போகிறவர் ஏதோ வேதாந்தம் என்றே நினைப்பார். 'அதிகாரம்' மட்டும் என்ன, குறளில் அது பத்துப் பாட்டு கொண்ட ஒரு பகுதி.

இயற்பியல் பாடநூல் கறாரானது: பவர் என்றால் திறன், ஆற்றல் வேறு, விசை வேறு. இந்தப் பிரிவினை வீண் அல்ல. அஞ்சு எச்.பி. மோட்டார் என்பது திறன், சுமார் 3,730 வாட். அது ஓடிய நேரத்தையும் பெருக்கினால்தான் ஆற்றல். மின்கட்டண அட்டையில் ஏறும் யூனிட் அதுதான். கணக்குப் பாடத்தில் அதே பவர், அடுக்கு.

கறார் தளர்ந்த இடம் நெசவு. கார்ட்ரைட் 1785இல் காப்புரிமை பெற்ற பவர்லூம், தமிழில் திறன்தறி ஆகவில்லை, விசைத்தறி ஆனது. இயற்பியலுக்குப் பிழை, காதுக்குப் பொருத்தம். பள்ளிபாளையம் பக்கம் அந்த முன்னொட்டும் தேவைப்படுவதில்லை, வினையே காட்டிக்கொடுத்துவிடும். கைத்தறிக்காரர் தறி நெய்கிறார், பவர்லூம்காரர் தறி ஓட்டுகிறார்.