போக்கர் கத்தி நிறுவனம்

போக்கர் என்பது ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் 1869-இல் தொடங்கப்பட்ட கத்தி உற்பத்தி நிறுவனம். செஸ்ட்நட் மரம் இதன் வணிகச் சின்னம். குடும்ப உடைமையாகத் தொடரும் இதனை இன்று ஃபெலிக்ஸ்-டாலிகோவ் குடும்பத்தார் நடத்துகின்றனர்.

தோற்றம்

போக்கர் குடும்பத்தார் முதலில் அருகிலுள்ள ரெம்ஷைட் நகரில் கருவிகள் செய்துவந்தனர். 1830 வாக்கில் அக்குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்மனும் ராபர்ட்டும் வளைவாள் உற்பத்தியிலும் இறங்கினர். பின்னர் குடும்பம் பல கிளைகளாகப் பிரிந்து கடல் கடந்தது. ஹெர்மன் 1837-இல் நியூயார்க்கில் வணிக நிறுவனம் அமைத்தார். 1865-இல் மெக்சிகோ நகரில் மற்றொரு கிளை தோன்றியது. அதன் கடை காசா போக்கர் எனப் பெயர்பெற்றது.

ஹைன்ரிஷ் போக்கர் வுப்பர் ஆற்றைக் கடந்து சோலிங்கனுக்கு வந்தார். இடைக்காலம் முதலே வாளுக்குப் பேர்போன அந்த ஊரில் கொல்லர்களுக்கும் சாணை பிடிப்பவர்களுக்கும் குறைவில்லை. கத்தித் தொழிலை நன்கறிந்த ஹெர்மன் ஹாய்சருடன் கூட்டுச் சேர்ந்து ஹைன்ரிஷ் இந்நிறுவனத்தைத் தொடங்கினார்.

மரச் சின்னம்

ரெம்ஷைட் கிளை அம்பு, மரம் என இரு சின்னங்களைப் பயன்படுத்தியது. அவற்றுள் மரம் சோலிங்கன் நிறுவனத்திற்குக் கிடைத்தது. போக்கர் என்னும் பெயரை உச்சரிக்கத் தடுமாறிய வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் மரப்படம் எளிதில் அடையாளமாயிற்று. மடக்குக் கத்திக்கும் சவரக் கத்திக்கும் அமெரிக்காவே பெருஞ்சந்தையாக இருந்தது.

போரும் பின்னரும்

இரண்டாம் உலகப் போரில் சோலிங்கன் தொழிற்சாலை அழிந்தது. போருக்குப்பின் மீண்டும் கட்டப்பட்டது. அமெரிக்காவில் மரச் சின்னத்தின் உரிமை வேறு நிறுவனங்களின் கைக்கு மாறியது. 1986-இல் சோலிங்கன் நிறுவனம் அதை மீட்டு, கொலராடோ மாநிலத்தின் டென்வர் பகுதியில் துணை நிறுவனம் அமைத்தது.

தயாரிப்புகள்

சோலிங்கன் பட்டறையில் மடக்குக் கத்திகளோடு, பல அடுக்கு எஃகால் ஆன டமாஸ்கஸ் கத்திகளும் உருவாகின்றன. 1944-இல் நார்வேயில் மூழ்கடிக்கப்பட்ட டிர்பிட்ஸ் போர்க்கப்பலின் எஃகும் இவற்றில் பயன்பட்டுள்ளது. முக்கிய உற்பத்திக் கட்டங்கள் அந்நகரில் நடந்த பொருள்களுக்கு மட்டுமே சோலிங்கன் என்ற பெயரைப் பொறிக்க ஜெர்மன் சட்டம் இடமளிக்கிறது. 1938-இல் தொடங்கிய பாதுகாப்பு இது. எனவே அயல்நாடுகளில் செய்யப்படும் மலிவு விலைக் கத்திகளை நிறுவனம் போக்கர் பிளஸ், மேக்னம் முதலிய தனிப் பெயர்களில் விற்கிறது. அர்ஜென்டினாவில் தயாராகும் கத்திகளின் பெயர் அர்போலிட்டோ.